திருப்பிக் கேட்ட பொட்டலம்

"அலமாரியில மேஜைவிரிப்புக்கு அடியிலதான் வெச்சேன். மேஜைவிரிப்பு இருக்கு. காகிதம் எங்க போச்சு?"

"மேஜைவிரிப்ப யாரு எடுத்தா? உங்க அம்பதாவது பொறந்தநாளுக்கு நான் எடுத்தேன். கறை போகத் தேச்சு, இஸ்திரி போட்டு, திரும்ப வெச்சதும் நான். அன்னிக்கு நீங்க செஞ்ச ஒரே வேலை, உக்காந்து வாழ்த்து வாங்கினது."

"பேச்ச மாத்தாத, குல்ஸிம். கட்டம் போட்ட நோட்டுக் காகிதம். பன்னெண்டு சொல்லு எழுதியிருக்கும்."

"இங்கிலீஷ்லயா?"

அதுவரை ஐந்து மாடிக்கும் கேட்டுக்கொண்டிருந்த தெமிர்கானின் குரல் சட்டென்று இறங்கியது.

"பாத்தியா?"

"பாத்தேன். நம்ம பொண்ணு அக்போத்தா சின்ன வயசுல எழுதிப் பழகினதுன்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

குல்ஸிம் அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு எரியவே இல்லை.

எக்கிபாஸ்துஸ் நகரத்தில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் வாசலில் குடியிருப்பவர்கள் சண்டையைக் குசுகுசுவென்றுதான் போட வேண்டும். வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஐந்து மாடிக்கும் ஒன்றுதான். அனல் மின்நிலையத்துச் சூடு அதில் மேலே ஏறுவதற்குள் ஆறிவிடும், சண்டை ஆறாது. ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் பாதிச் சண்டைதான் கிடைத்தது. மீதியை அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொண்டார்கள். உண்மையான மீதி இதுதான்.

தெமிர்கான் நிலக்கரிச் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. முப்பது வருடமாக ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி, "முதல்ல கேளு, அப்புறம் எழுது, அப்புறந்தான் பட்டன்ல கை வை" என்று சொல்லிக்கொடுக்கிறவர். அந்த வாசகத்தோடு அவர் படமும் போட்ட சுவரொட்டி சுரங்கத்தின் வாசலில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. படத்துக்கு மீசை மட்டும் வரைந்திருக்கிறார்கள்.

பத்து வருடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டரை ஓடவிட்டால் அது தானாகவே பிட்காயின் தோண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பால்கனியில் எதையெதையோ அடுக்கி ஓடவிட்டார். வாசல் முழுக்க மாதம் இரண்டு தடவை ஃபியூஸ் போனது. அந்த அனலில் கீழ்வீட்டுக்காரர்கள் காலுறை காயப்போட்டார்கள். கடைசியில் ஒரு காயினில் பத்தில் ஒரு பங்கு தேறியது. யாராவது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் "கொஞ்சம்" என்பார். அந்தக் 'கொஞ்சம்' அவர் வாயிலிருந்து வரும் விதத்தில் ஒரு வீடும் ஒரு காரும் தெரியும்.

அப்படித்தான் சம்பந்தியிடமும் சொல்லித் தொலைத்தார்.

சம்பந்தி சைலாவ்பெக், பயானாவுலில் குதிரைப் பண்ணையை நடத்தி ஓய்வு பெற்றவர். பேசமாட்டார். பேச வேண்டிய இடத்தில் மீசையைத் தடவுவார். அவருடைய மகன் மெய்ராமும் தெமிர்கானின் மகள் அக்போத்தாவும் தாங்களாகவே பார்த்துப் பிடித்துக்கொண்ட ஜோடி. பெரியவர்களுக்கு மிச்சமிருந்தது மரியாதை செய்துகொள்வது மட்டும்தான். முதல் தேநீரிலேயே, எதிரில் இருந்த அந்த மீசையின் மௌனம் தாங்காமல் தெமிர்கான் வாயைவிட்டார்.

"பொண்ணுக்குக் காதணி போட்டு நிச்சயம் பண்ண வர்ற அன்னிக்கு, உங்க தோள்ல ஓநாய்த்தோல் கோட்டு போடறேன், சம்பந்தி. உங்க பக்கத்துல ஒம்பது பேருக்கும் நரித்தோல் தொப்பி. எல்லாம் கம்ப்யூட்டர்ல தயாரா இருக்கு."

சைலாவ்பெக் மீசையைத் தடவினார்.

அதற்கப்புறம் காதணி போடும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் தடவை, குதிரை ஈனுகிறது என்றார்கள். இரண்டாவது தடவை, சாலை சரியில்லை என்றார்கள். வேறு வசதியான பெண்ணாகப் பார்க்கிறார்களோ என்று தெமிர்கானுக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவது தேதி வந்தது: இந்த ஞாயிறு. கோட்டும் தொப்பியும் இல்லாமல் அவர்கள் திரும்பிப் போனால், அந்தக் கார் இன்னொரு முறை இந்த வாசலில் வந்து நிற்காது.

திங்கட்கிழமை காயினை எடுக்க உட்கார்ந்தார். பணப்பை மென்பொருள் திறக்க மறுத்தது. பழைய பதிப்பு இனி செல்லாது, புதியதுக்கு மாறு என்றது. எப்படி மாறுவது என்பதற்கு ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பு இருந்தது. அதன் முதல் வரி சிவப்பு எழுத்தில்: முதலில் உங்கள் பணப்பைக் கோப்பை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத் தொழிலாளிகள் இவருடைய சுவரொட்டியைக் கடப்பதுபோல இவர் அந்த வரியைக் கடந்தார். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்றது. பழைய பதிப்பை அடியோடு நீக்கினார். புதியதைப் போட்டார். அது அழகாகத் திறந்து, "உங்கள் பன்னிரண்டு சொற்களை இடுக" என்று காத்திருந்தது.

பதறிப்போய்ப் பழைய பதிப்பையே எங்கிருந்தோ தேடிப்பிடித்துத் திரும்பப் போட்டார். அது திறந்தது. உள்ளே பூஜ்யம்.

புதன்கிழமை ரிப்பேர்காரர் வந்தார். மூன்று கிண்ணம் தேநீர் குடித்தார். நாலாவது கிண்ணத்தில் கேட்டார்: "நகல் எடுத்தீங்களா?"

"இல்ல."

"சரி. பழசு போனதும் அப்படியே விட்டிருந்தாக்கூட நான் தோண்டி எடுத்திருப்பேன். நீங்க பழசத் திரும்பப் போட்டீங்க. அது அதே பேர்ல ஒரு காலிப் பையத் தெறந்து, உங்க பை இருந்த எடத்துலயே உக்காந்துடுச்சு."

"எழுப்ப முடியாதா?"

"எழுப்பினா அடியில ஒண்ணும் இருக்காது. ஆனா கவலப்படாதீங்க. முதல்ல தொடங்கும்போது பன்னெண்டு சொல்லு குடுத்திருக்கும், எழுதி வெச்சிருப்பீங்க. அத வரிசையாப் போட்டா எல்லாம் அப்படியே வந்துடும். ஒண்ணு, அந்தச் சொல்ல வேற யாருகிட்டயும் காட்டிடாதீங்க. அது யாரு கையில இருக்கோ, காசு அவங்களோடது." கதவருகில் நின்று ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார், "நீங்கதானே சுரங்கத்துல அந்தச் சுவரொட்டி?"

ரிப்பேர்காரர் படியிறங்கியதும்தான் மேஜைவிரிப்புச் சண்டை தொடங்கியது.

"நெனச்சு என்ன பண்ணின?" என்று தெமிர்கான் இரண்டாம் முறை கேட்டார்.

"பொறந்தநாள் விருந்து முடிஞ்சு எல்லாரும் கெளம்பறாங்க. சர்கித் கட்டிக் குடுக்கணும். பை தீந்துபோச்சு. கடைசி நாலு பேரு கதவுகிட்ட நிக்கறாங்க. வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா?"

விருந்துக்கு வந்தவர் கையில் விருந்தில் மிஞ்சியதைக் கொஞ்சம் சர்கித்தாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்காமல் அனுப்பினால், அந்த வீட்டில் விருந்தே நடக்கவில்லை என்று அர்த்தம். தெமிர்கானுக்கும் அது தெரியும். அதனால் கத்த முடியவில்லை.

"அதுல குர்த் வெச்சுக் கட்டினேன்," என்றாள் குல்ஸிம். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, கல்மாதிரி இருக்கும், எந்தக் காகிதத்திலும் ஒட்டாது. "நாலாக் கிழிச்சேன். நேராத்தான் கிழிச்சேன்."

"யாரு யாருக்கு?"

"முதல் மாடி வாலென்தினா ஸ்தெபானவ்னாவுக்கு ஒண்ணு. ஸாக்கிஷ் அக்காவுக்கு ஒண்ணு. ரெண்டாம் மாடி பல் டாக்டருக்கு ஒண்ணு."

"நாலாவது?"

குல்ஸிம் தன் விரல்களைப் பார்த்தாள். "சம்பந்தியோட தம்பிக்கு. கார் ஓட்டிக்கிட்டு வந்தாரே."

"சம்பந்தி வீட்டுக்கு நோட்டுக் காகிதத்துலயா குடுத்த?"

"சம்பந்திக்குப் பூப்போட்ட பையில குடுத்தேன். தம்பிதானேன்னு..."

இருவரும் உட்கார்ந்தார்கள். சர்கித்தைக் கொடுத்தவன் திரும்பக் கேட்டதாக எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கொடுத்த பெண்ணைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்த ஓட்டைக்கூடக் கேட்டிருக்கிறார்கள். இது வேறு.

"நீ போய்க் கேளு," என்றார் தெமிர்கான்.

"நானா? சமைச்சவளே போயிக் கேக்கறதா? அப்டேட் பண்ணது யாரோ அவங்க போகட்டும்."

வியாழக்கிழமை காலை தெமிர்கான் முதல் மாடிக் கதவைத் தட்டினார். வாலென்தினா ஸ்தெபானவ்னா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எதையும் தூக்கிப் போடாத மனுஷி. என்ன சொல்வது என்று படியிறங்கும்போது இரண்டு பொய்களைத் தயாரித்திருந்தார். கதவு திறந்ததும் இரண்டும் மேல்மாடியிலேயே நின்றுவிட்டன.

"வாலென்தினா ஸ்தெபானவ்னா, அன்னிக்கு விருந்துல குடுத்த அந்தக் குர்த்... இருக்கா?"

"இருக்கே. எனக்கு உப்பு ஆகாது. ரத்த அழுத்தம்."

"அப்படின்னா அத... திரும்ப வாங்கிக்கலாமா? பொட்டலத்தோட."

அவள் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தாள். பிறகு மாட்டிக்கொண்டு பார்த்தாள். உள்ளே போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, அவர் கையைப் பிடித்து அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"தெமிர்கான், வேலையில ஏதாவது பிரச்சினையா? ஒளிக்காதீங்க. முப்பது வருஷமா ஒரே வாசல்ல இருக்கோம்."

"இல்ல, இல்ல. சும்மாதான்."

"சும்மா யாரும் எட்டு உருண்டை குர்த் திரும்பக் கேட்டு வரமாட்டாங்க," என்றாள். உள்ளே போய் இரண்டு ஜாடி ஊறவைத்த வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து அவர் கக்கத்தில் திணித்தாள். "குல்ஸிம்கிட்ட சொல்லுங்க, வெக்கப்படறதுக்கு ஒண்ணும் இல்ல."

முதல் மூன்று சொற்கள் கிடைத்தன. அன்று மத்தியானமே அவர்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே அரை மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. சாயங்காலம் ஒரு தட்டு முட்டை, மூடி போட்ட பாத்திரத்தில் சூப், யாருடையதோ கிழியாத பனிக்காலச் சட்டை. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் மூன்றாம் வாசலுக்கே உரிய நாகரிகத்தோடு தட்டாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

குல்ஸிம் அதையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். "இருபத்தாறு வருஷக் குடித்தனத்துல ஒரு நாள் ஒரு வீட்டுல உப்புக் கேட்டதில்ல நான்," என்றாள். சட்டையை விரித்துப் பார்த்தாள். "இது உங்களுக்குச் சரியா இருக்கும். போட்டுக்கங்க."

அடுத்த கதவில் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் ஒரு காரணம் வேண்டும் என்று தெமிர்கான் முடிவு செய்தார். ஸாக்கிஷ் அக்கா மூன்றாம் வாசலின் பொறுப்பாளர். பூட்டு மாற்றுவது, பல்பு மாற்றுவது, யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று வைத்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. அவளிடம் பசி என்ற எண்ணமே வரக்கூடாது.

"ஸாக்கிஷ் அக்கா, ஒரு சின்ன விஷயம். அந்தக் குர்த் கொஞ்சம் கெட்டுப்போன சரக்காம். கடைக்காரன் இப்பத்தான் சொன்னான். உங்க ஆரோக்கியத்துக்காகத்தான், திரும்ப வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

இப்படிச் சொன்னால் பொட்டலத்தை ஓடிவந்து கையில் கொடுப்பாள் என்பது கணக்கு. ஸாக்கிஷ் அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"அதான பாத்தேன். உன் பொறந்தநாளுக்கு மறுநாள்லேந்து எங்க வீட்டுக்காரர் மூணு நாள் எழுந்திருக்கல. நான் பாவம், அவரு குடிச்சதாலன்னு திட்டிக்கிட்டே இருந்தேன்."

"இருக்காதுக்கா. அவரு குர்த் சாப்பிட்டிருக்கவே மாட்டாரு."

"ஏன் சாப்பிடமாட்டாரு? சர்கித்னு குடுத்தா சாப்பிடாம என்ன, கண்ணாடிக்குள்ள வெப்பாங்களா? ஏன் தம்பி, அம்பது வயசுக்கு ஊரக் கூப்பிட்டுக் கெட்ட சரக்கா போட்ட?"

"மிச்சம் இருந்தா குடுங்கக்கா, நான் தூக்கிப் போட்டுடறேன்."

"இருக்கு. தரமாட்டேன். அது அத்தாட்சி." உள்ளே போனவள் பொட்டலத்தைக் கையில் ஏந்தி வந்து, எட்டாத தூரத்தில் நின்று காட்டினாள். "சுகாதார அலுவலகத்துக்கு எடுத்துட்டுப் போறேன்."

தெமிர்கான் கழுத்தை நீட்டினார். ஏழு: ஏணி. எட்டு: வெங்காயம். ஒன்பதாவது மடிப்புக்குள் இருந்தது.

"கொஞ்சம் திருப்புங்கக்கா."

"எதுக்கு?"

"எந்தப் பக்கம் கெட்டிருக்குன்னு பாக்கறேன்."

"குர்த்தப் பாக்க வந்தவன் காகிதத்த ஏன் முறைக்கிற?" என்றபடி அவள் தானே திருப்பிப் பார்த்தாள். ஒன்பது: ஆமை. தெமிர்கான் படியேறி ஓடினார். ஏணி வெங்காயம் ஆமை, ஏணி வெங்காயம் ஆமை என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு போனதை ஸாக்கிஷ் அக்கா வாசல் பெஞ்சில் சொன்னபோது, பாவம், கெட்ட சரக்கு அவருக்கும் தலைக்கு ஏறிவிட்டது என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஆக வெள்ளிக்கிழமை நிலவரம் இது: தெமிர்கான் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை, இருந்த சோறும் விஷம், அதைச் சாப்பிட்டு அவருக்கே புத்தி பேதலித்துவிட்டது. இனி குர்த் என்ற வார்த்தையையே எடுக்கக்கூடாது என்று அவர் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, பல்வலி என்று சொல்லிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனார். பல் டாக்டர் வீட்டின் முன்னறையிலேயே நாற்காலி போட்டு வைத்தியம் பார்ப்பவர். உள்ளே நுழைந்துவிட்டால் கண்ணால் தேடிக்கொள்ளலாம்.

"எந்தப் பல்லு?"

தெமிர்கான் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டிவிட்டு அறையைப் பார்வையால் துழாவினார். மேஜைமேல் இல்லை. அலமாரியில் இல்லை. டாக்டர் அவர் வாயில் இரண்டு பஞ்சு உருண்டைகளை வைத்து நாற்காலியைப் பின்னால் சாய்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்க் காற்றுக்கு ஜன்னல் இடுக்கில் எதையாவது திணித்தால்தான் வீட்டில் இருக்க முடியும். டாக்டர் கட்டம் போட்ட காகிதத்தைத் திணித்திருந்தார். எழுத்துப் பக்கம் உள்ளே பார்த்திருந்தது.

"ஆ... ஆ..." என்றார் தெமிர்கான், விரலைக் காட்டி.

"வெளிச்சம் கண்ணுல படுதா? மூடிக்கங்க."

அவர் மூடவில்லை. நாலு: கரண்டி. ஐந்து: வாத்து.

"தட்டறேன். வலிக்குதா?"

வலிக்கவில்லை. ஆனால் ஆறாவது சொல்லின் மேல் நிழல் விழுந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். தெமிர்கான் பலமாகத் தலையாட்டினார்.

"அப்ப எடுத்துட வேண்டியதுதான்," என்றார் டாக்டர்.

ஆறு: கேமரா. அதைப் படித்து முடித்த நொடியில் நாற்பது வருடத்துக்கு மேல் அவரோடு ஒழுங்காக உழைத்த ஒரு கடைவாய்ப் பல் வெளியே வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லாத்தானே இருக்கு," என்றார்.

வீட்டுக்குள் வந்த தெமிர்கான், வாய் வீங்கிய நிலையில், ஒன்பது சொற்களையும் எழுதிவைத்தார். மிச்சம் மூன்று. அவை பயானாவுலில், சம்பந்தியின் தம்பி கப்தேஷிடம் இருந்தன.

"போன் பண்ணுங்க," என்றாள் குல்ஸிம்.

"என்னன்னு? 'சம்பந்தி, உங்க தம்பிக்கு நோட்டுக் காகிதத்துல குர்த் குடுத்தோம், அதத் திருப்பிக் குடுங்க, கோட்டு வாங்கணும்'னா?"

"அப்ப வேண்டாம்."

அக்போத்தா மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்தவள், கையுறையைக் கழற்றாமல் நடையில் நின்றாள். "அப்பா, மெய்ராம் கூப்பிட்டான். நம்ம வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோமான்னு கேக்கறான்."

"ஏன் கேக்கறான்?"

"ஸாக்கிஷ் அக்காவோட தங்கச்சிய பயானாவுல்லதான் குடுத்திருக்கு." அவள் அப்பாவின் கன்னத்தையும், சுவரோரம் இருந்த உருளைக்கிழங்கு மூட்டையையும் பார்த்தாள். "நான் அவன்கிட்ட நல்லா இருக்கோம்னுதான் சொன்னேன். ஞாயித்துக்கெழம வரைக்குமாவது அப்படியே இருங்கப்பா, போதும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் குத்தியது. சனிக்கிழமை முழுக்க அவர் வெளியே வரவில்லை. மிச்சம் மூன்று இடங்களிலும் வாய்க்கு வந்த சொற்களைப் போட்டுப் பார்த்தார். குதிரை போட்டார், கல்யாணம் போட்டார், மன்னிப்பு என்றுகூடப் போட்டார். எதையும் அது ஏற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் வந்து நின்றது. ஐந்து மாடி ஜன்னல்களிலும் திரை விலகியது. முதலில் சைலாவ்பெக் இறங்கினார். பின்னால் அவர் மனைவி ரஹியா, மகன் மெய்ராம். கடைசியாகத் தம்பி கப்தேஷ் இறங்கி, பின்பக்கத்தைத் திறந்து ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் தூக்கினார். தெமிர்கான் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார். சீரோடு வருகிறவர்கள் சாக்கில் கொண்டுவர மாட்டார்கள்.

மேஜையில் குல்ஸிம் இருபத்தாறு வருடச் சமையலையும் இறக்கி வைத்திருந்தாள். குதிரைக்கறி ஆவி பறந்தது. யாரும் கை வைக்கவில்லை. சைலாவ்பெக் மீசையைத் தடவி முடித்து, தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். கப்தேஷ் சாக்கை அவிழ்த்தார். முழுக்கக் குர்த், பத்துக் கிலோ இருக்கும். அதன் மேலே தனியாக ஒரு சின்ன பிளாஸ்டிக் பை.

"திரும்பக் கேக்கறீங்கன்னு கேள்விப்பட்டோம், சம்பந்தி," என்றார் சைலாவ்பெக். "பையில இருக்கறது உங்களோடது. எட்டு உருண்டை குடுத்தீங்க. ரெண்ட இவன் வழியிலயே தின்னுட்டான். மூட்டை எங்களோடது. பத்தலைன்னா சொல்லுங்க."

குல்ஸிம் முந்தானை இல்லாத ஊரில் முகத்தை மூட ஒன்றும் கிடைக்காமல் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பளபளப்பில் அவள் முகமே அவளுக்குத் தெரிந்தது.

தெமிர்கான் சின்னப் பையையே பார்த்தார். "இதச் சுத்தி ஒரு காகிதம் இருந்துச்சே," என்றார் கப்தேஷிடம், மிக மெதுவாக.

"இருந்துச்சு," என்றார் கப்தேஷ். "அன்னிக்கே அடுப்புப் பத்தவெச்சுட்டேன். நல்ல காகிதம், உடனே புடிச்சுது."

அதற்குமேல் தெமிர்கானிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, வீங்கிய கன்னத்தோடு, எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு எழுத்து வரியைத் தாண்டியதைச் சொன்னார். காலிப் பை உட்கார்ந்ததைச் சொன்னார். வெள்ளரிக்காய், ஆமை, கடைவாய்ப் பல், எதையும் விடவில்லை.

"கோட்டு இல்ல, சம்பந்தி. தொப்பியும் இல்ல. முப்பது வருஷம் ஊருக்குப் பாதுகாப்பு சொன்னவன், எம் பொண்ணோட மரியாதைய ஒரு பட்டன்ல கை வெச்சுத் தொலைச்சுட்டேன். நோட்டுக் காகிதத்துல குடுத்ததும் தப்புதான். நீங்க எழுந்து போனா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அந்தப் பொண்ணு மட்டும் எந்தத் தப்பும் பண்ணல."

அக்போத்தா தட்டைப் பார்த்தாள். மெய்ராம் அவளைப் பார்த்தான். ஐந்து மாடியிலும் வெந்நீர்க் குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. அன்று சாயங்காலம் ரஹியா, நகைப்பெட்டி எதையும் திறக்காமல், தன் காதில் கிடந்த தோட்டையே கழற்றி அக்போத்தாவுக்குப் போட்டாள். அக்டோபரில் கல்யாணம் நடந்தது. யார் தோளிலும் எந்தக் கோட்டும் ஏறவில்லை. சிறுசுகள் பாவ்லோதாருக்குக் குடிபோய்விட்டார்கள். வாலென்தினா ஸ்தெபானவ்னாவும் அடுத்த வருடம் மகனோடு ஓம்ஸ்க் போய்விட்டாள். போகும்போது மீதி வெள்ளரிக்காய் ஜாடிகளைக் குல்ஸிமிடம் கொடுத்துவிட்டுப் போனாள், இன்னமும் நம்பாமல். அவ்வளவு கேவலத்துக்கு அப்புறமும் அந்தச் சம்பந்தம் எப்படி நின்றது என்று பெஞ்சில் இன்றைக்கும் பேச்சு. காதல் என்கிறார்கள் சிலர். அந்தத் தோட்டைச் சொல்லி, பெரிய மனசு என்கிறார்கள் சிலர். ஸாக்கிஷ் அக்கா, சுகாதார அலுவலகத்துக்குப் போகாமல் விட்ட தன் பெருந்தன்மைதான் காரணம் என்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான். தெமிர்கான் சொல்லி முடித்ததும் சைலாவ்பெக் வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குனிந்து கேட்டார்.

"எத்தன சொல்லு கேக்குது?"

"பன்னெண்டு," என்றார் தெமிர்கான். "ஒம்பது இருக்கு."

சைலாவ்பெக் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து வாயே திறக்காத ரஹியா, தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"குதிரையும் ஈனல, சாலையும் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க கம்ப்யூட்டர் ரெண்டு மாசமா இருபத்திநாலு கேக்குது, சம்பந்தி," என்றாள்.